தன் பெயரைத் தானே முன்மொழிதல்

நன்னூலின் பாயிரத்தை நடத்தும்போது ஒவ்வோராண்டும் ஓரிடத்தில் சற்றுத் தாமதிப்பது என் வழக்கம். எத்தனை துறைகளில் தேர்ந்தவராயினும் ஒருவர் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகாது என்று பவணந்தியார் முதலில் விதிக்கிறார். அடுத்த நூற்பாவிலேயே நான்கு விலக்குகளைத் தருகிறார்: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவரிடையே இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல நேரும்போது, எதிராளி தன்னைப் பழிக்கும்போது. இவ்விடங்களில் புலவன் தன்னைப் புகழலாம். "வேலைக்கு விண்ணப்பிக்கும்போது?" என்று மாணவர்களில் யாரேனும் கேட்காமல் இருந்ததில்லை. அது இரண்டாவது விலக்கில் அடங்கும் என்பேன்.

சென்ற ஆண்டு அந்த இரண்டாவது விலக்கு எனக்கே தேவைப்பட்டது. கட்டற்ற மென்பொருளொன்றின் தமிழாக்கக் குழுவில் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். ஊதியமில்லை, எனக்கு நிரல் எழுதவும் தெரியாது. எங்கள் ஒருங்கிணைப்பாளர் தாம் விலகவிருப்பதாகத் தெரிவித்து, பொறுப்பேற்க விரும்புவோர் தாமே பெயர் தரவேண்டும் என்றும், தகுதியைச் சுருக்கமாக எழுதவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். மூன்று வாரம் எவரும் பெயர் தரவில்லை. நானும்தான்.

பொறுப்பு காலியாகக் கிடந்தால் என்ன கெட்டுப்போகும் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். உடனே எதுவும் கெடாது என்பதே இதிலுள்ள அபாயம். மொழிபெயர்ப்புக் கோப்பில் ஒவ்வோர் ஆங்கிலத் தொடருக்கும் கீழே அதன் தமிழ்த் தொடர் இருக்கும். நிரலாளர் ஆங்கிலத்தில் ஒரு சொல்லை மாற்றினால், பழைய தமிழ்த் தொடருக்கு 'ஐயத்துக்குரியது' என்று குறியிடப்படும். மனிதர் ஒருவர் பார்த்து அந்தக் குறியை நீக்கும்வரை பயனருக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலமே தெரியும். கவனிப்பாரற்ற தமிழாக்கம் ஒருநாளில் இடிந்து விழுவதில்லை. வெளியீட்டுக்கு வெளியீடு இங்கொரு வரி, அங்கொரு வரி என ஆங்கிலம் முளைக்கிறது. தன்னார்வலர்கள் திருத்தி அனுப்பினாலும், சரிபார்த்து மூலக் களஞ்சியத்தில் சேர்க்கும் உரிமை பெற்றவர் ஒருவராவது வேண்டும். அந்த ஒருவர்தான் ஒருங்கிணைப்பாளர். தலைமை என்ற சொல் இதற்குச் சற்றுப் பெரிது.

ஆயினும் முடிவெடுக்கும் பொறுப்பு அவருடையதே. ஓர் எடுத்துக்காட்டு. 'சேமி' என்பதா, 'சேமிக்கவும்' என்பதா? முதலாவது மரியாதைக் குறைவு என்று கருதும் தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். பொத்தானில் பேசுபவர் யார், கேட்பவர் யார் என்று பார்த்தால் குழப்பம் தெளியும். அங்கே மனிதன் கணினியை ஏவுகிறான். ஆகவே 'சேமி' என்ற ஒருமை ஏவலே பொருந்தும். கணினி மனிதனிடம் பேசும் இடத்தில்தான் 'கடவுச்சொல்லை உள்ளிடவும்' என்ற பணிவு வேண்டும். ஏவல் வினைமுற்றைப் பாடமாக மட்டுமே நடத்திவந்த எனக்கு, அது திரையில் உயிரோடு உலவுவதைக் காட்டியது இந்த வேலை. 'பதிவிறக்கம்', 'தரவிறக்கம்' என்ற இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்பது இன்னும் கடினமானது. இரண்டும் நல்ல சொற்களே. ஒன்றைத் தேர்ந்தால் மற்றதில் பழகியவர்கள் தங்கள் தமிழ் தள்ளப்பட்டதாக எண்ணுவார்கள். அந்த மனவருத்தத்துக்கு முகம் கொடுப்பதற்குத்தான் ஒருவர் தேவைப்படுகிறார். சொல்லைத் தேர ஓர் அகராதி போதும்.

தயங்கிய அந்நாட்களில் பிற குழுக்கள் என்ன செய்கின்றன என்று படித்தேன். டெபியன் திட்டம் 1993ஆம் ஆண்டு இயன் மர்டாக் தொடங்கியது. அதற்கென்று ஓர் அரசியலமைப்பே உண்டு. தலைவரை ஆண்டுதோறும் உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்கிறார்கள். போட்டியிடுவோர் தம் பெயரைத் தாமே முன்மொழியவேண்டும். வாக்காளர் விருப்ப வரிசையில் எண்ணிடுகிறார். 'இவர்களுள் எவருமில்லை' என்பதும் அவ்வரிசையில் ஒரு வேட்பாளரைப் போலவே நிற்கும். 2019இல் குறித்த காலத்துக்குள் ஒருவர்கூடப் பெயர் தரவில்லை. அதற்கும் விதி இருந்தது: ஒரு வாரம் நீட்டிக்கவேண்டும், தேவைப்பட்டால் மீண்டும் மீண்டும். நீட்டித்த வாரத்தில் பலர் முன்வந்தனர். சாம் ஹார்ட்மன் தேர்வானார். உலகெங்கும் எண்ணற்ற சேவையகங்கள் இயங்கும் மென்பொருளை ஆக்குவோரும் நம்மைப்போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள் என்று அறிந்தபோது, உண்மையைச் சொன்னால், ஆறுதலாக இருந்தது.

அந்த அரசியலமைப்பில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொரு விதி. திட்டத்துக்காக உழைக்கவேண்டும் என்ற கடமை எவருக்கும் இல்லை. ஒப்படைத்த பணியையும் விருப்பமில்லாதவர் செய்யவேண்டியதில்லை. விதிகளுக்கு எதிராகச் செயல்படாதிருந்தால் போதும். கட்டளையிட அதிகாரமில்லாத தலைமை! உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலை முறை நினைவுக்கு வந்தது. முதலாம் பராந்தகன் காலத்து அவ்விதிகள் வயது வரம்பு கேட்டன, நிலம் கேட்டன, முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவரை விலக்கின, கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் விலக்கின. பதவியை நாடி வருவோரைத் தடுப்பதே அங்கே சிக்கலாக இருந்திருக்கிறது. இங்கே வருவாரைக் காணோம்.

ஆனால் வருபவரை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வரவேற்கவும் இயலாது. எக்ஸ்இசட் என்ற தரவுச் சுருக்கக் கருவியை நெடுங்காலம் ஒரே ஒருவர் ஊதியமின்றிப் பராமரித்துவந்தார். உதவ முன்வந்த ஒருவர் ஈராண்டுக்கு மேல் பொறுமையாக வேலைசெய்து, நம்பிக்கை பெற்று, வெளியீட்டு உரிமையும் பெற்று, 2024 பிப்ரவரியில் அதனுள் ஒரு கள்ளக்கதவை வைத்தார். உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் மார்ச் 29 அன்று அதை வெளிப்படுத்தினார். இதில் அந்தத் தனிப் பராமரிப்பாளரைக் குறைகூறுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. களைத்துப்போன ஒருவர் நீட்டிய கையைப் பற்றினார். அவரைத் தனியே விட்டது அவருடைய உழைப்பில் ஓடிக்கொண்டிருந்த உலகம்.

இதைப் படித்தபின்தான் எனக்கு வழி தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வாழும் எங்கள் குழு நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். என்னைவிட மூத்தவர், நிரல் அறிந்தவர், சொற்களில் என்னோடு ஓயாமல் முரண்படுபவர். "அண்ணா, நீங்கள் பெயர் கொடுங்கள்" என்றேன். "எனக்கு நேரமில்லை. நீங்கள் முன்னுக்கு நில்லுங்கோ, பின்னால நான் நிக்கிறன்" என்றார். களஞ்சிய உரிமையை இருவரும் சேர்ந்து வாங்கிக்கொள்வதாக இருந்தால் நிற்கிறேன் என்றேன். சம்மதித்தார்.

விண்ணப்பம் எழுதுவது மட்டும் எளிதாக இல்லை. பாற்கடலைக் குடித்துவிடப் புகுந்த பூனையென்று கம்பரே தம்மைச் சொல்லிக்கொண்ட மரபில் படித்தவர்களுக்குத் தகுதிப் பட்டியல் எழுதக் கை வராது. முதல் வரைவில் என் குறைகள் மட்டுமே இருந்தன. அதை நம்பி யாரும் ஒரு கோப்பைக்கூட ஒப்படைக்கமாட்டார்கள். அவையடக்கம் நூலின் முகப்பில் அழகு. பொறுப்பேற்கும் இடத்தில் அது தப்பிக்கும் வழியாகவும் ஆகிவிடும். மறுவரைவில் இத்தனை கோப்புகளை மெய்ப்புப் பார்த்தேன், இலக்கணம் அறிவேன், நிரல் அறியேன், ஈராண்டு இருப்பேன், களஞ்சிய உரிமை இருவரிடம் இருக்கும், இரு நாட்டு வழக்குகளில் பிணக்கு வந்தால் அதை எழுத்தில் விவாதித்த பிறகே முடிவு என்று எழுதினேன். பவணந்தியார் ஏற்றிருப்பார் என்றே நினைக்கிறேன்.

வேறெவரும் பெயர் தராததால் தேர்தல் நடக்கவில்லை. உரிமை கைக்கு வந்த இரவில் பதினொரு கோப்புகள் காத்திருந்தன. கல்லூரி மாணவர் ஒருவர் அனுப்பிய கோப்பு ஆறு மாதமாகக் கிடந்தது. குப்பைத்தொட்டிக்கு அனுப்புவதற்கும் மீட்க இயலாதபடி போக்குவதற்கும் அவர் 'நீக்கு' என்ற ஒரே சொல்லை இட்டிருந்தார். இரண்டாவதை 'அழி' என்று மாற்றி, காரணத்தையும் எழுதி, கோப்பைச் சேர்த்தேன். மறுநாளே அவரிடமிருந்து பதில் வந்தது. கரும்பலகையில் அழித்ததை மீண்டும் எழுதிக்கொள்ளலாமே, அது எப்படி மீட்க இயலாததாகும் என்று கேட்டிருந்தார். கனடா நண்பரும் அவர் பக்கம்தான். விவாதம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.