அலையும் ஆடையும்

கல்லடியில் மணம்புரிந்து வாழும் எமது தங்கை, 2004 டிசம்பர் 26ஆந் திகதிக்குப் பின் கடலிற் கால் நனைத்ததில்லை. அவள் மகளோ அதற்குப் பின் பிறந்தவள். ஓர் ஓகஸ்ட் விடுமுறையில், "மாமா, அறுகம்குடாவுக்குக் கூட்டிச் செல்லுங்கள், அலைச்சறுக்கல் பழகவேண்டும்" என்று பிள்ளை பிடிவாதஞ் செய்தாள். "போகலாம், ஆனால், உடுப்பு ஒழுங்காக இருக்கவேண்டும்" என்றாள் தாய். அவளது அச்சம் கடலைப் பற்றியது; வாயில் வந்ததோ உடுப்பு. இது எமக்கு விளங்காமலில்லை.

மூவரும் பொத்துவில் போய்ச் சேர்ந்தோம். மே முதல் ஒக்டோபர் வரை அங்கே அலைக்காலம். தென்சமுத்திரத்துப் புயல்கள் எழுப்பும் அலைகள் ஆயிரக்கணக்கான மைல் கடந்துவந்து உல்லைக் கரையில் முறிகின்றன. புதிதாய்ப் பழகுவோர் பலரும் சற்று வடக்கேயுள்ள ஓரிடத்திற்குச் செல்வர். அதன் பெயர் விஸ்கி பொயின்ற். மயக்கம் பெயரில் மட்டுமே என்று தங்கைக்கு உறுதி கூறவேண்டியதாயிற்று.

பௌதிகம் கற்பிப்பவர் என்ற கர்வம் எமக்குண்டு. 28 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீருக்குச் சட்டை எதற்கு என்று, காற்சட்டையோடு வெறும் மேலாக இறங்கினோம். பிள்ளை, தாயின் கட்டளைப்படி பருத்திச் சுரிதாரும் துப்பட்டாவும் அணிந்திருந்தாள். பருத்தி நீரைக் குடித்துக் கனத்தது. இரண்டாவது அலையில் துப்பட்டா காலைச் சுற்றிக்கொள்ள, முழங்காலளவு நீரிலே அவள் எழமாட்டாமற் புரண்டாள். பழக்குநரான இளைஞர் பாய்ந்து தூக்கிவிட்டார். கரையில் நின்ற தங்கை கூவிய கூவலை நாம் இலகுவில் மறக்கமாட்டோம். எமது நிலையும் மெச்சத்தக்கதன்று. பலகையிற் பூசிய மெழுகும் மணலும் மார்பை உராய்ந்து தோலை உரித்தன, முதுகு வெந்துபோயிற்று. மூன்று நாட்கள் நாற்காலியிற் சாய முடியவில்லை.

பின்னர் அவ்விளைஞர் நைலோனும் லைக்ராவும் கலந்த முழுக்கைச் சட்டையொன்றையும், கணுக்கால் வரை ஒட்டிநிற்கும் காற்சட்டையொன்றையும் பிள்ளைக்குக் கொடுத்தார். அத்துணி நீரை அதிகம் ஏற்காது, அலையில் விரியாது, மெழுகின் உராய்வையும் வெயிலையும் தடுக்கும். நனைந்த வெள்ளைப் பருத்திச் சட்டையோ சூரியனின் ஊதாக் கடந்த கதிர்களுக்கு ஏறக்குறையத் திறந்த கதவு. பொத்துவில் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் உள்ளது. ஓகஸ்ட் இறுதியில் நண்பகற் சூரியன் அங்கே உச்சந்தலைக்கு நேராக நிற்கும்.

"குளிருக்கு றப்பர் உடை வேண்டாமா?" என்று பிள்ளை வினவினாள். அவ்வுடை குளிர்கடலுக்கு உரியது. 1952இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பௌதிக அறிஞர் ஹியூ பிராட்னர் அதனை வகுத்தார். நியோப்பிரீன் என்னும் செயற்கை றப்பரினுள் அடைபட்ட நுண்ணிய வாயுக்குமிழிகள் உடற்சூட்டை வெளியேறவிடா. எமது கடலில் அதனை அணிந்தால் வியர்த்து வாடவேண்டியதுதான். ஆயினும், நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவது. ஆகவே 28 பாகை நீரிலும் இரண்டு மணி நேரம் நின்று, காற்றுப்பட வெளியே வந்தால் உடல் நடுங்கும். வகுப்பிற் பலமுறை சொன்ன செய்தியை அன்று எம் பற்கள் சொல்லின. மெல்லிய சட்டையொன்றே அதற்குப் போதும். பாறையுள்ள இடமாயின் கடல்முள்ளிக்கு அஞ்சிக் காலணியும் வேண்டும்.

அறுகம்குடாவில் 2018இல் பெண்களே அலைச்சறுக்கற் கழகமொன்றை அமைத்தனர் என்ற செய்தியையும் தங்கையிடம் சொன்னோம். அவள் மறுமொழி பகரவில்லை. மறுநாட் காலை, மகள் பலகைமேல் நான்கு விநாடி எழுந்து நின்றபோது, நீர்விளிம்பிலிருந்து பத்தடி தள்ளி மணலில் அமர்ந்திருந்தாள். மாலையிற் கிணற்றடிக்குச் சென்றோம். அவள் அச்சட்டையை நன்னீரில் அலசிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, இதை வெயிலிற் போடக்கூடாதாமே, நிழலிற்றானே காயவைக்கவேண்டும்?" என்று கேட்டாள்.