நிற்கிற நேரம்

சோழவரம் என்றால் எங்கள் அப்பா தலைமுறைக்கு ரேஸ்! இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் காரும் பைக்கும் சீறிய ஊர். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் புது டிராக் வந்தது, இங்கே சத்தம் அடங்கியது. இப்போது ஜி.என்.டி. ரோட்டில் நீங்கள் கேட்பதெல்லாம் டிரெய்லர் லாரிகளின் ஹாரன்தான்.

அதில் இரண்டு, என் அக்கா வீட்டுக்காரருடையவை. கும்மிடிப்பூண்டிக்கும் காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கும் கன்டெய்னர் அடிக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பத்திரத்தோடு வந்து உட்கார்ந்தார்.

''எலெக்ட்ரிக் லாரி எடுக்கலாம்னு இருக்கேன் மச்சான். நடுரோட்டுல சார்ஜ் தீந்துட்டா என்ன பண்றதுன்னுதான் பயம். நீ பி.காம். படிச்சவன், கணக்குப் போட்டுச் சொல்லு!''

2025 ஜூலையில் மத்திய அரசு பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் லாரிக்கு 9.6 லட்சம் வரை மானியம் அறிவித்தது. ஆனால், பழைய டீசல் லாரியை உடைத்த சான்றிதழ் வேண்டும். அதாவது, சோறு போட்ட வண்டியையே காவு கொடுக்க வேண்டி வரலாம். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது, இல்லையா?

கணக்குக்கு வருவோம். முருகப்பா குழுமத்தின் மோன்ட்ரா ரைனோ 55 டன் லாரியில் 282 யூனிட் பேட்டரி. ஒரு சார்ஜுக்கு 198 கிலோமீட்டர் என்கிறது கம்பெனி. கிலோமீட்டருக்குச் சுமார் 1.4 யூனிட். மாமாவுக்குப் போக வர எண்பது கிலோமீட்டர் என்று வையுங்கள். இரண்டு டிரிப் தாங்கும். மூன்றாவதுக்கு?

''பெரிய பேட்டரியா போட்டுட்டா?'' என்றார். நூறு யூனிட் கூடினால் எடையும் முக்கால் டன் அளவுக்குக் கூடும். மொத்த எடைக்கு வரம்பு உண்டே, அந்த அளவுக்குச் சரக்கு குறையும். கடன் வாங்கி வாங்கிய டெட் ஸ்டாக்கை முதுகில் சுமந்துகொண்டே திரிவதுபோல!

அடுத்த வழி, வேகத்தைக் குறைப்பது. அறுபதில் போகிறவர் எண்பதைத் தொட்டால் காற்றின் எதிர்ப்பு முக்கால் பங்குக்கு மேல் கூடும். டயரில் காற்று சரியாக இருப்பதும், பிரேக்கை நிதானமாகப் பிடித்து மின்சாரத்தை பேட்டரிக்கே திருப்புவதும் அப்படித்தான். சார்ஜ் தீர்ந்த பேட்டரியைக் கழற்றி நிரம்பியதை மாட்டும் ஏற்பாடும் உண்டு. ஆனால், அதற்கான நிலையம் உங்கள் வழியில் இருக்க வேண்டுமே!

கடைசியாக ஒன்று கேட்டேன்... ''வண்டி ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் மாமா ஓடுது?''

''ஓடறது அஞ்சாறு மணி நேரம்தான். மத்ததெல்லாம் கேட்டுல கியூ, லோடு இறக்கற யார்டுல காத்துக் கிடக்கறது...''

அவ்வளவுதான் விஷயம்! அந்த யார்டில் ஒரு அறுபது கிலோவாட் சார்ஜர் இருந்தால், இரண்டு மணி நேரத்தில் 120 யூனிட். எண்பது கிலோமீட்டருக்கு மேல். மூன்றாவது டிரிப் கைக்கு வந்துவிட்டது. ஓடும் தூரம் ஒளிந்திருப்பது நிற்கிற நேரத்தில்.

மாமா பத்திரத்தை மடித்துப் பையில் வைத்தார். பேங்குக்குப் போகுமுன் கம்பெனி மேனேஜரைப் பார்க்கப் போகிறாராம்.

''லாரிக்கு ஒரு சார்ஜர் கேக்கறேன். அப்படியே அது பக்கத்துல டிரைவருக்கு நிழல்ல ஒரு பெஞ்சும் கேக்கறேன் மச்சான். இத்தனை வருஷமா அவனும்தானே நின்னுக்கிட்டு இருக்கான்!''

என் கணக்கில் அந்த வரி விட்டுப்போயிருந்தது.