தாத்தாவும் குற்றாலத்துக்குச் சைக்கிளில் போகலாம்!

தென்காசிக் கோபுர வாசலில் நின்றால் காற்று ஆளைத் தள்ளும். ஆனி, ஆடியில் கேட்கவே வேண்டாம்! அந்தக் காற்றை எதிர்த்துத்தான் குற்றாலத்துக்குச் சைக்கிள் மிதிக்க வேண்டும். தூரம் என்னவோ ஐந்தே கிலோமீட்டர்தான். ஐந்தருவிப் பாதையில் மேடு மெல்லத் தலைகாட்டும். செங்கோட்டை தாண்டிப் புளியரை மலைப்பாதைக்குப் போனாலோ, வளைவுக்கு வளைவு ஏற்றம், லாரிகள் வேறு.

"அறுபதைத் தாண்டியவருக்கு இந்த வம்பு எதற்கு?" என்பீர்கள். வயதைக் குறை சொல்லாதீர்கள், பல்சக்கரத்தைப் பாருங்கள். நம் பழைய சைக்கிளில் மிதிகட்டை ஒரு சுற்று சுற்றினால், பின்சக்கரம் இரண்டு சுற்றுக்கு மேல் ஓடும். சமவெளிக்கு அது சரி. முன்னே 22 பல், பின்னே 34 பல் என்று கியர் அமைந்துவிட்டால், அதே சுற்றுக்குச் சக்கரம் முக்கால் சுற்றுகூட நகராது. வேகம் நடைக்குச் சமானந்தான். ஆனால் முழங்காலுக்குப் பாரம் வெகுவாகக் குறையும். உட்கார்ந்தபடியே காலைச் சற்று விரைவாகச் சுழற்றினால் போதும்.

பின்னாளில் 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தைத் தொடங்கிய ஹென்றி டெஸ்கிராஞ்ச், கியரெல்லாம் 45 வயது தாண்டியவர்களுக்கு என்று 1902-ல் ஏளனம் செய்தார். அந்தப் பந்தயத்திலேயே 1937-ல் கியர் மாற்றும் கருவியை அனுமதிக்கும்படி ஆயிற்று. கிழவர் சொத்தை வாலிபர்கள் பறித்துக்கொண்டார்கள்!

திரும்பும்போது காற்று முதுகுப் பக்கம். சாரலில் நனைந்த பிரேக் சட்டென்று பிடிக்காது. இறக்கத்தில் முன்கூட்டியே பிடிக்கச் சொல்லுங்கள். தலைக்கு ஹெல்மெட், பையில் ஒரு துண்டு. அருவிவரை போனவர் குளிக்காமல் வருவாரா?