பங்குக் காருக்கு மாற்று இஞ்சின்

தானாக இயங்கும் ஆற்றல் எதற்கு உண்டோ அதற்கே உயிர் உண்டு என்று குருமடத்துத் தத்துவ வகுப்பில் நமக்குக் கற்பித்தார்கள். அப்படியானால் மோட்டார் காரும் தானாக இயங்குகிறதே, அதற்கும் உயிர் உண்டோ என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து கேட்டார். "பெட்ரோல் ஊற்றாமல் இயங்கட்டும், அப்பொழுது பதில் சொல்கிறேன்" என்றார் பேராசிரியர். அன்று கேள்வி கேட்டவர் பின்னர் நம்மோடு குருப்பட்டம் பெற்றார். இக்கட்டுரையின் நடுவில் அவர் லுங்கி கட்டிக்கொண்டு வருவார்.

2007-ஆம் ஆண்டில் நாம் காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு கிராமப் பங்கில் விசாரணைக் குருவாக இருந்தோம். தாய்ப்பங்கோடு ஏழு கிளைக் கிராமங்கள். பங்குக்கென்று ஒரு வெள்ளை அம்பாசடர் கார் இருந்தது. நமக்கு முன்பிருந்த குருக்கள் மூவர் ஓட்டித் தேய்த்தது. அம்பாசடரை அறியாத இளைய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை மாதிரியாகக் கொண்டு வங்காளத்தின் உத்தர்பாராவில் செய்யப்பட்ட வண்டி அது. 2014-இல் அதன் உற்பத்தி நின்றுபோயிற்று. நம்முடையது 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் இஞ்சின் கொண்ட பழைய வகை. வரப்பிலும் ஓடும், வாய்க்கால் கரையிலும் ஓடும். கல்யாணப் பெண்ணையும் ஏற்றும். நெல் மூட்டையையும் ஏற்றும். குறைகள் வெளிப்படையானவை. அவற்றைப் பொருட்படுத்தாமல் இருந்ததுதான் நம்முடைய குறை.

அவ்வாண்டு சித்திரை மாதத்திலேயே, "சாமி, வண்டிக்கு அடியில தண்ணி சொட்டுது" என்று கோயில்பிள்ளை சொன்னார். குனிந்து பார்த்தோம். ரேடியேட்டரின் கீழ்ப்புற ரப்பர்க் குழாயில் ஒரு வெடிப்பு. பட்டணம் போகும்போது புதியது வாங்கலாம் என்று எண்ணி, துணிநாடாவை எடுத்து மூன்று சுற்றுச் சுற்றினோம். வெப்பத்தைக் காட்டும் முள் நாம் வருமுன்னரே செத்துப்போயிருந்தது. நாமோ மூன்று வாரத்தில் இருமுறை பட்டணம் போய் வந்தோம். குழாய் வாங்க நினைவில்லை.

மே மாத நடுவில் ஓர் இரவு, பதினொரு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. 14 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கிளைக் கிராமத்தில் ஒரு தாய் அவஸ்தையில் இருக்கிறார். நற்கருணையையும் நோயாளிகளின் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். பாதி வழிக்கு மேல் போனதும் பானெட்டின் இடுக்கிலிருந்து வெண்ணிற ஆவி கிளம்பிற்று. நின்றிருக்க வேண்டும். இன்னும் சிறிது தூரந்தானே என்று ஓட்டினோம். இரும்போடு இரும்பு உராயும் ஓர் ஓசை எழுந்தது. பிறகு ஓசையே இல்லை. மீதி வழியை நடந்தும் ஓடியும் கடந்து வீட்டு வாசலை அடைந்தபோது உள்ளே ஒப்பாரி தொடங்கியிருந்தது. உயிர் பிரிந்து இருபது நிமிடம் என்றார்கள். அருட்சாதனங்கள் உயிரோடிருப்போர்க்கே உரியவை. நாம் எண்ணெய்ச் சிமிழைத் திறக்கவில்லை. முழந்தாளிட்டு இறந்தோர்க்கான செபங்களைச் சொன்னோம்.

எவரும் நம்மை ஒரு சொல் சொல்லவில்லை. அந்த அம்மாளின் இளைய மகன், டிராக்டர் ஓட்டிப் பிழைப்பவர், விடியுமுன் தம் மோட்டார் சைக்கிளில் நம்மைக் கொண்டுவந்து பங்கு இல்லத்தில் விட்டார். வழி நெடுகிலும் அவர் பேசவில்லை. நாமும் பேசவில்லை. அடக்கப் பூசையில் பிரசங்கம் செய்தோம். என்ன பேசினோம் என்பது நினைவில்லை.

காரைக் கயிறு கட்டி இழுத்து வந்து பள்ளிக்கூடத்துப் புங்கமரத்தடியில் நிறுத்தினோம். பட்டணத்தில் பட்டறை வைத்திருந்த பாய் வந்து எண்ணெய்க் கோலை உருவிப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்தது பால் கலந்த காப்பியின் நிறத்தில் இருந்தது. "தண்ணியும் ஆயிலும் கலந்துடுச்சு ஃபாதர். ஹெட்டு வளைஞ்சிருக்கும், பிஸ்டன் பிடிச்சிருக்கும், பேரிங்கும் போயிருக்கும். இதைச் சீர் பண்றதைவிட வேற இஞ்சின் கிடைச்சா மாத்திடலாம்" என்றார். பங்குக் கணக்கில் இருந்ததோ கோயில் கூரைக்கென்று சேர்த்த காணிக்கை. அதில் கை வைக்க மனம் வரவில்லை.

அப்பொழுதுதான் நம் குருமடத் தோழர் கடிதம் எழுதினார். அவருடைய பங்கிலும் அதே வகை அம்பாசடர் ஒன்று இருந்ததாம். முந்தைய மழைக்காலத்தில் வேப்பமரம் சாய்ந்து அதன் பின்பாதி நசுங்கிவிட்டது. முன்பாதிக்கு ஒரு கீறலும் இல்லை. தம் ஆயரின் அனுமதியோடு இஞ்சினைத் தருவதாகவும், கழற்றவும் பூட்டவும் தாமே வருவதாகவும் எழுதியிருந்தார். ஜூன் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சிறிய சுமைவண்டி ஒன்றில், பழைய டயர்களின்மேல் வைத்துக் கட்டிய இஞ்சினோடும் உரிய தாள்களோடும் வந்து இறங்கினார்.

பள்ளி வளாகம் சனி, ஞாயிறு இரு நாட்கள் மட்டுமே காலியாயிருக்கும். பாய் அவ்விரு நாட்களும் பட்டறையைத் தம் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தார். கூலி பேசவில்லை, கேட்டபோது கோபித்துக்கொண்டார். நம் பங்கிலேயே ஒரு முதியவர், திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாகப்பட்டினத்திலிருந்து 1928-இல் பொன்மலைக்குப் பெயர்ந்து வந்த அந்தப் பணிமனையைப் பற்றி, தாமே தூக்கி வந்து வைத்தவரைப்போலப் பேசுவார். அவரும் வந்தார். இவர்களோடு நாம் அழைக்காமலே வந்தவர் ஒருவர்: அந்தத் தாயின் மகன். "டிராக்டர் இஞ்சின் இறக்கிப் பழக்கம் இருக்கு சாமி" என்றார். அவ்வளவே.

சனிக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் வேலை தொடங்கிற்று. பெரியவர் முதலிலேயே இரண்டு சட்டங்கள் போட்டார். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் வண்டிக்கு அடியில் போகக்கூடாது. மரக்கட்டை அடுக்கித் தாங்க வேண்டும். கழற்றிய எதுவும் தரையைத் தொடக்கூடாது. அதற்காகக் கோயிலில் அப்பம் வரும் காலித் தகரடப்பாக்களை வாங்கி, ஒவ்வொன்றிலும் சாக்கட்டியால் 'ரேடியேட்டர்', 'செல்ப்', 'கார்புரேட்டர்' என்று எழுதி வைத்தார். முதலில் பாட்டரி ஒயரைக் கழற்றினோம். பிறகு பானெட்டின் கீல்களைச் சுற்றிப் பென்சிலால் கோடிட்டுக் கழற்றி, நால்வர் சேர்ந்து சுவரில் சாய்த்தோம். ரேடியேட்டர், காற்றாடி, கார்புரேட்டர், டைனமோ என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நம் தோழர் லுங்கியை மடித்துக் கட்டி, எந்த ஒயர் எங்கே போகிறது என்று தாளில் படம் வரைந்தார். தத்துவத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவர். படத்தைப் பார்த்த பாய், "நல்லா இருக்கு ஃபாதர், ஆனா எனக்கு இது வேண்டாம்" என்று மரியாதையோடு திருப்பிக் கொடுத்தார்.

புகைக்குழாயின் துருவேறிய நட்டுகளுக்கு இரண்டு மணி நேரம் மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருந்தும் ஒரு போல்ட் முறிந்தது. கியர்ப் பெட்டியோடு இஞ்சினை இணைக்கும் மேல் போல்ட்டுகளுக்குக் கை எட்டுவது கடினம். அவ்விளைஞர் மல்லாந்து படுத்து, கன்னத்தில் எண்ணெய் வழிய, கண்ணால் பார்க்காமல் விரலாலேயே தேடிக் கழற்றினார். கைப்பம்புக் குழாய்களைத் தூக்குவதற்கென்று ஊராட்சியில் வைத்திருந்த இரும்பு முக்காலியை இரவல் வாங்கி நிறுத்தி, சங்கிலிக் கப்பியைக் கட்டினோம். இளைஞர்கள் முதலில் புங்கமரக் கிளையில் கட்டலாம் என்றார்கள். பெரியவர் அவர்களைப் பார்த்த பார்வையில் அந்த யோசனை செத்தது. நண்பகல் திரிகாலச் செப மணி அடித்த சிறிது நேரத்தில், கெட்டுப்போன இஞ்சின் ஆடி அசைந்து காற்றில் எழுந்தது.

வெறுமையான அந்தக் குழியை எல்லாரும் எட்டிப் பார்த்தோம். கழற்றி ஓரமாகத் தள்ளிய ரேடியேட்டர்க் குழாய் மூலையில் கிடந்தது. அவ்விளைஞர் அதைக் குனிந்து எடுத்தார். நாம் சுற்றிய துணிநாடா அதில் அப்படியே இருந்தது. அதைப் பிரித்தார், வெடிப்பைப் பெருவிரலால் தடவினார், நம்மிடம் நீட்டினார்.

"இதுதானா சாமி?"

"இதுதான் தம்பி. மூன்று வாரமாக நமக்குத் தெரியும்."

அவர் சற்று நேரம் குழாயையே பார்த்திருந்தார். பிறகு, "அம்மா கடைசி வரைக்கும், சாமி வந்துட்டாரா, சாமி வந்துட்டாரான்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு" என்றார். அந்த இடத்தில் நின்ற அனைவரும், பாய் உட்பட, தலை குனிந்துகொண்டார்கள். பதிலாகச் சொல்ல நம்மிடம் ஒன்றும் இல்லை. முப்பத்தேழாம் வயதில், எத்தனையோ பேருடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்ட நாம், ஒருவர் முன்னால் பேச்சற்று நின்றோம். "நம்மை மன்னித்துக்கொள், தம்பி" என்று கடைசியில் சொன்னோம். அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. குழாயைச் சுவரோரம் வைத்துவிட்டு மறுபடியும் வண்டிக்கு அடியில் போனார்.

பிற்பகல் முழுவதும் வந்த இஞ்சினைத் துடைப்பதிலும், புதிய கிளட்ச் பிளேட்டும் புதிய குழாய்களும் வெப்பமானியும் பொருத்துவதிலும் கழிந்தது. இரவு ஏழு மணிக்கு அதைத் தூக்கி இறக்கினோம். அது கியர்ப் பெட்டியோடு சேர மறுத்தது. இங்கே சிறிது விளக்க வேண்டும். கியர்ப் பெட்டியிலிருந்து நீளும் பல்வெட்டிய தண்டு, கிளட்ச் பிளேட்டின் நடுத்துளை வழியே நுழைந்து இஞ்சினின் பின்புறத்திலுள்ள சிறு குழியில் போய் உட்கார வேண்டும். பிளேட் ஓர் இம்மி விலகியிருந்தாலும் உட்காராது. பாய் தம் கண்ணை நம்பிப் பிளேட்டை இறுக்கியிருந்தார். பெரியவர் அப்போதே முணுமுணுத்தார். ஒன்பதரை மணி வரை அசைத்தும் தள்ளியும் பார்த்தோம். இருவருக்கும் வாக்குவாதம் முற்றி, பட்டறையா பணிமனையா என்று போயிற்று. இறுதியில் பெரியவர், தூக்கக் கண்ணோடு இரும்பைத் தொடக்கூடாது என்று விளக்கை அணைக்கச் சொன்னார். இஞ்சினை டயர்களின்மேல் இறக்கிவிட்டு உண்ணப் போனோம்.

மறுநாள் ஞாயிறு. இரண்டு பூசைகளையும் முடித்துக்கொண்டு வெளியே வந்தோம். பக்திமான் ஒருவர், கடன் திருநாளில் கோயில் வளாகத்திலேயே சுத்தியல் சத்தம் கேட்கலாமா என்று வினவினார். கிணற்றில் விழுந்த மாட்டைப் பற்றி ஆண்டவர் பரிசேயரிடம் கேட்டதை நினைவூட்டினோம். அவர் அமைதியானார். ஆயினும், மாட்டைக் கிணற்றில் தள்ளியவனே அந்த வசனத்தைச் சொல்வது அவ்வளவு பொருத்தமன்று என்பது நமக்கு உள்ளுக்குள் தெரிந்தே இருந்தது.

நாம் பீடத்தில் இருந்தபோதே பெரியவர் இரண்டாம் பூசைக்கு வராமல், முதல் பூசை கண்டவராகையால், தேக்குக் கட்டை ஒன்றைச் செதுக்கி அந்தத் தண்டின் பருமனுக்கு ஓர் உருளை செய்து வைத்திருந்தார். அதைச் சொருகிப் பிளேட்டை நடுவே நிறுத்தி, பாயே போல்ட்டுகளை இறுக்கினார், மறுபேச்சில்லை. மீண்டும் கப்பியில் தூக்கி இறக்கினோம். கியரைப் போட்டு வைத்து, முன்புறம் கைப்பிடியைச் செருகி மெல்ல மெல்லச் சுற்ற, 'டக்' என்ற ஓசையோடு பற்கள் பற்றிக்கொண்டன. பாயும் பெரியவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே சிரித்தார்கள்.

மூன்றரை மணிக்கு எல்லாம் பூட்டியாயிற்று. புதிய எண்ணெய், புதிய நீர். சாவியைத் திருப்பினோம். செல்ப் முனகியது, இஞ்சின் சுற்றவில்லை. சோக் கம்பியிலிருந்து புகை கிளம்பிற்று. "நிறுத்துங்க!" என்று பாய் கத்தினார். அதே நேரத்தில் பெரியவர், அடியில் ஒரே ஒரு போல்ட் உருளும் தகரடப்பாவை ஆட்டிக்கொண்டு வந்தார். இஞ்சினையும் காரின் உடலையும் இணைக்கும் எர்த் பட்டையைப் பூட்ட மறந்திருந்தோம். அந்தப் பட்டை இல்லாவிட்டால் செல்புக்குரிய மின்சாரம் அத்தனையும் மெல்லிய சோக் கம்பி வழியே போகப் பார்க்கும், கம்பி பழுத்துவிடும். அந்த டப்பாவின்மேல் என்ன எழுதியிருந்தது என்று பார்த்தோம். நம் தோழரின் கையெழுத்தில் 'பிற' என்றிருந்தது.

அடுத்த முறை சாவியைத் திருப்பியதும் இஞ்சின் இருமி, புகைந்து, பின் ஒரே சீராக ஓடிற்று. இளைஞர்கள் கைதட்டினார்கள். பாய் ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை இஞ்சின்மேல் வைத்து மறுமுனையில் காதை வைத்துக் கேட்டு, வாய்க்குள் இறைவனுக்கு நன்றி சொன்னார்.

வண்டியை எங்கே ஓட்டிப் பார்ப்பது என்று பேச்சு வந்தது. "எங்க ஊருக்கே போவோம் சாமி, சாயங்காலப் பூசை இருக்குல்ல" என்றார் அவ்விளைஞர். முன் இருக்கையில் நம் பக்கத்தில் உட்கார்ந்து, வழி முழுவதும் புதிய வெப்பமானியின் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். அன்றிரவு வண்டி நின்றுபோன மதகைக் கடந்தோம். ஒருவரும் பேசவில்லை. ஊரில் இறங்கியதும் அவர் பானெட்டைத் திறந்து கீழ்க்குழாயைக் கையால் தடவிப் பார்த்தார். உலர்ந்திருந்தது. அன்று மாலைப் பூசையை அந்தத் தாயின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுத்தோம். அவர் நன்மை வாங்க வந்தார்.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் புதிய இஞ்சினின் எண்ணைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றி வாங்குவதற்கு, அதை மாற்றியதைவிட அதிக நாட்கள் பிடித்தன. அந்தக் கதை இங்கே வேண்டாம். பழைய இஞ்சினைப் பழைய இரும்புக் கடையில் நிறுத்துப் போட்டோம்; வந்த பணம் கோயில் கூரை நிதிக்குப் போயிற்று.

அந்தப் பங்கில் நாம் இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தோம். ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் அவ்விளைஞர் வயலுக்குப் போகும் வழியில் டிராக்டரை வாசலில் நிறுத்திவிட்டு வந்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் பார்ப்பார். நாம் காலையிலேயே பார்த்துவிட்டோம் என்று சொன்னாலும், சரி சாமி என்பார். சொல்லிக்கொண்டே மூடியைத் திறப்பார்.