பேஸ்மென்ட் வைஃபைக்கும் ஒரு பக்கக் கதவு

ஸ்காபரோவில் எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு இரண்டு கதவுகள். முன்கதவு வீட்டுக்காரருக்கு, பக்கக் கதவு பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவருக்கு. சாவி வேறு, படி வேறு. வைஃபை மட்டும் ஒன்று. "இன்டர்நெட்டும் வாடகைக்குள்ள" என்று சொல்லி, பாஸ்வேர்டைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கீழே தங்கியிருக்கும் அக்கா, தன் அகதி வழக்குக்கான கடிதம் ஒன்றை அச்சிட்டார். அது மேலே அப்பாவின் பிரிண்டரில் வந்து விழுந்தது. அவருடைய லாப்டாப் எங்கள் பிரிண்டரைத் தானாகவே கண்டுபிடித்துப் பட்டியலில் சேர்த்திருந்தது. அம்மா தாளைக் கவிழ்த்துப் பிடித்தபடி கொண்டுபோய், "நான் ஒண்டும் வாசிக்கேல்லை பிள்ளை" என்று கொடுத்தார். அக்கா சிரித்துக்கொண்டேதான் வாங்கினார். ஆனால் அன்றிலிருந்து எங்கள் வைஃபையை விட்டுவிட்டு, காசு கொடுத்து போன் டேட்டாவைப் பாவிக்கத் தொடங்கினார்.

ஏன் அப்படி நடந்தது? வீட்டுக் கருவிகளுக்குப் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் முகவரிகள்தான் கிடைக்கும். தனிப்பட்ட வலையமைப்புகளுக்கென்று ஒதுக்கப்பட்ட முகவரிகளில் இவையும் அடங்கும். எங்கள் வீட்டில் எல்லாமே 192.168.1 என்ற ஒரே சப்நெட். அதை ஒரு தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 254 கருவிகள் குடியிருக்கலாம். பிரிண்டரும் டிவியும் "நான் இங்கே இருக்கிறேன்" என்று அடிக்கடி கூவிக்கொண்டே இருக்கும். ஒரே தெருவில் இருக்கும் எல்லோருக்கும் அது கேட்கும்.

ஆகவே அக்காவுக்கு வேறு தெரு வேண்டும். எங்கள் அக்சஸ் பொயின்டில் ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் ஓடுகிறது. அதில் 192.168.20.1 என்ற முகவரியோடு புதிய சப்நெட் ஒன்றை உருவாக்கினேன். முகவரிகளைப் பகிர்ந்து கொடுக்க அதற்கென்று டிஎச்சிபி, புதிய வைஃபை பெயர், அக்காவே தெரிவு செய்த பாஸ்வேர்ட்.

இதோடு வேலை முடியவில்லை. சப்நெட்டைப் பிரித்தால் மட்டும் சுவர் எழும்பாது. இரண்டு தெருக்களையும் தெரிந்த ரவுட்டர், தடுக்காவிட்டால் ஒன்றிலிருந்து மற்றதற்கு வழிவிட்டுவிடும். அதனால் ஃபயர்வாலில் சொல்லிவைத்தேன்: 20இலிருந்து இணையத்துக்குப் போகலாம், 192.168.1க்குப் போகக்கூடாது. அங்கிருந்து இங்கேயும் வரக்கூடாது.

அடுத்தது திரும்பி வரும் வழி. எங்கள் பிரதான ரவுட்டருக்கு 20 என்று ஒரு தெரு இருப்பதே தெரியாது. இணையத்திலிருந்து அக்காவுக்கு வரும் பதிலை அது எங்கே அனுப்பும்? அதில் ஸ்டாட்டிக் ரூட் எழுதலாம். ஆனால் இணையச் சேவையோடு வந்த அந்தப் பெட்டியில் அதற்கு இடமில்லை. எனவே அக்சஸ் பொயின்டிலேயே நாட் போட்டேன். அக்காவின் கருவிகள் அனுப்புவதெல்லாம் இப்போது அக்சஸ் பொயின்டின் முகவரியோடு வெளியே போகும். பதில் அதனிடம் வரும், அது உரியவரிடம் சேர்க்கும்.

கடைசியாகச் சோதனை. புதிய வைஃபையில் என் போனை இணைத்து அப்பாவின் பிரிண்டருக்குப் பிங் அனுப்பினேன். பதில் இல்லை. யூடியூப் ஓடியது. இரண்டும் சரியாக இருந்தால்தான் வேலை சரி.

அப்பாவுக்கு மனம் கேட்கவில்லை. "அவளும் எங்கட பிள்ளை மாதிரித்தானே, ஏன் பிரிக்கிறாய்?" என்றார். "எங்கட பிள்ளையளின்ர அறைக்கும் கதவு இருக்குத்தானே அப்பா" என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அக்காவிடம் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். இந்தப் பெட்டியைப் பராமரிக்கிறவர் நினைத்தால், எந்தெந்தத் தளங்களின் பெயரைக் கேட்கிறீர்கள் என்று பார்க்கலாம். நான் அதைப் பதிவு செய்வதில்லை. ஆனாலும் என் வார்த்தையை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று, அவருடைய போனில் மறைகுறியாக்கிய டிஎன்எஸ்ஸை எப்படிப் போடுவது என்றும் காட்டிக் கொடுத்தேன். அன்றிரவே அவர் புதிய வைஃபைக்கு வந்துவிட்டார்.

உங்கள் வீட்டிலும் கீழே யாராவது இருக்கிறார்களா? சனிக்கிழமை பின்னேரம் ஒன்றை ஒதுக்குங்கள். ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் என்று இருந்தால் அதிலிருந்தே தொடங்கலாம். ஆனால் முதலில் கீழே போய், அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள்.