பிளாங்க் நீலமானால்

பணி ஓய்வு விழாவில் பேசிய இளம் பேராசிரியர் ஒருவர், '34 வருசம் டெஸ்ட்டியூப் கழுவிய அண்ணன்' என்று என்னை அறிமுகப்படுத்தினார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். அன்னூர் பஸ் ஏறிய பிறகுதான் சுருக்கென்றது. அவர் பொய் சொல்லவில்லை. கோவையில் ஒரு கல்லூரியின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளனாக இருந்தவன் நான், கழுவினேன்தான். எதற்குக் கழுவினேன் என்பது அவருக்குத் தெரியாது.

கம்பங்கூழோ அரிசிச்சோறோ, குளுக்கோஸ் உடைவதிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனோடு முடிவது வரை நடக்கிற பாடெல்லாம் ஒரு பாஸ்பேட்டை மாட்டி ஏ.டி.பி. (ATP) ஆக்கத்தான். தசை சுருங்கும்போது அந்தப் பாஸ்பேட் கழன்றுகொள்ளும். பாஸ்பேட்டை அளக்கத் தெரியாதவனுக்கு இதெல்லாம் சுவரில் மாட்டிய படம். தசைச் சாற்றில் டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம் விட்டுப் புரதத்தை நீக்கி, அமில மாலிப்டேட்டும் ஏ.என்.எஸ்.ஏ. என்ற ஒடுக்கியும் விட்டால் நீலம் ஏறும், 660 நானோமீட்டரில் ரீடிங். முறை அவ்வளவுதான்.

சேர்ந்த புதிதில் எனக்கு பிளாங்க்கே நீலமாக வந்தது. மாதிரியே விடாத குழாயில் ஏது நீலம்? ரீஏஜென்ட்டை மூன்று தடவை மாற்றினேன். காய்ச்சி வடித்த தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். என் வாத்தியார் குழாயை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

'ஏப்பா, சோப்புத்தூள் போட்டயா?'

'ஆமாங்க சார். பளபளன்னு வரட்டும்னு...'

'பாஸ்பேட்டை நீயே கொட்டிப்போட்டு, அப்புறம் நீயே தேடறயாக்கும்.'

அன்றோடு சோப்புத்தூள் போயிற்று. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ராத்திரி முழுக்க ஊறல், குழாய்த் தண்ணீரில் அலசல், கடைசியில் வடித்த தண்ணீரில் மூன்று முறை. உள்சுவரில் தண்ணீர் துளியாக நிற்காமல் படலமாக வழிய வேண்டும். ஒரு குழாயில் துளி நின்றால் முழு ஸ்டாண்டையும் திருப்பி அனுப்புவார்.

பாஸ்பேட்டை அளக்கும் இந்த முறையை 1925-இல் வெளியிட்டவர்கள் ஹார்வர்டின் ஃபிஸ்க்கும் எல்லாப்பிரகட சுப்பாராவும். சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பாஸ்டனில் வயிற்றுப்பாட்டுக்காக ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்தவர். தசைச் சாற்றை அளந்தபோது நீலம் வந்து நிற்காமல் மெல்ல ஏறிக்கொண்டே போனது. அரைகுறையாகக் கழுவுகிற இடமாக இருந்தால் 'குழாய் அழுக்கு' என்று கொட்டியிருப்பார்கள். கண்ணாடி மேல் சந்தேகம் இல்லாதவர்களுக்குத்தான் தசை மேல் சந்தேகம் வரும். அமிலத்தில் சிதைந்து, சிறுகச் சிறுகப் பாஸ்பேட்டை விடும் பொருள் ஒன்று அதில் இருந்தது: பாஸ்போகிரியேட்டின். அது 1927. ஏ.டி.பி.யைத் தசையிலிருந்து பிரித்ததை அவர்கள் 1929-இல் அறிவித்தார்கள். ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதே ஆண்டில்.

இப்போது கிட் வருகிறது. பிளாங்க் வைத்தாயா கண்ணு என்றால், 'மெஷினே கழிச்சுக்குமுங்க அண்ணா' என்கிறார்கள் மாணவர்கள். ஒரு குளுக்கோஸுக்கு 38 ஏ.டி.பி. என்று மனப்பாடம். கணக்கு 30, 32 என்று இறங்கி வருசக்கணக்காகிறது. புரோட்டான் கசிவும், ஏ.டி.பி.யை வெளியே கடத்துகிற செலவும் போகத்தான் மிச்சம் என்று சொன்னால், 'பரீட்சைக்கு 38 தானுங்க' என்று பதில் வருகிறது.

போன வாரம் வீட்டில் காப்பி டம்ளரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

'ஏனுங்க, அழுக்கா இருக்குதா?' என்றாள் வீட்டுக்காரி.

எங்கள் போர்த் தண்ணீர் உப்பு. ஓரத்தில் ஒரு துளி நின்றது. இல்லை என்று சொல்லிவிட்டு, நானே எழுந்து போய் அலசினேன்.