நூல் இல்லாத ஊசி

ஆம்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் இரண்டு வாசனைகள் போட்டி போடும். ஒன்று தோல், இன்னொன்று பிரியாணி. காலை பதினோரு மணிக்கே பிரியாணி ஜெயித்துவிட்டது. கத்தரிக்காயோடு ஒரு பிளேட்டை உள்ளே தள்ளிவிட்டுத்தான் கடமையைச் செய்யக் கிளம்பினேன்.

இது நடந்தது 2019 ஜனவரியில். அப்போது ஆம்பூர், வேலூர் மாவட்டத்துப் பெண். அந்த நவம்பரில்தான் திருப்பத்தூர் மாவட்டத்துக்கு வாக்கப்பட்டுப் போனது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளுகிற தோல் சீமை இது. பக்கத்திலேயே பாலாறு. (தண்ணீரைத் தேடாதீர்கள்!)

அரசாங்கச் செலவில் நடக்கும் ஷூ தையல் பயிற்சியைப் பார்ப்பதாக ஏற்பாடு. பழைய கட்டடம், காந்தி படம், தூங்கும் வாட்ச்மேன் என்று நான் கற்பனை பண்ணிக்கொண்டு போக, ஆட்டோக்காரர் இறக்கிவிட்டதோ ஒரு ஷூ கம்பெனியின் பின்பக்க ஷெட்டில்! பணம் டெல்லியில், பாடத்திட்டம் சென்னையில் இருக்கும் தோல் துறைத் திறன் கவுன்சிலில், மெஷின் இங்கே.

உள்ளே இருபது பெண்கள். தையல் மெஷின்கள் கடகடவென்று ஓடுகின்றன. ஆனால் ஊசியில் நூல் இல்லை. கீழே தோலும் இல்லை, காகிதம்! அதில் போட்ட கோட்டின் மேலேயே ஓட்டை விழ வேண்டும். முதலில் நேர்க்கோடு, அப்புறம் வளைவு.

"துணின்னா பிரிச்சுத் தைக்கலாம் சார். தோல்ல ஓட்டை விழுந்தா விழுந்ததுதான்" என்றார் மாஸ்டர்.

நான் பி.காம். என்பதால் கண் கணக்குப் பக்கம் போனது. 2017 டிசம்பரில் மத்திய அரசு தோல், காலணித் துறைக்கு 2,600 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. அதில் வேலையில்லாதவருக்குப் பயிற்சி தர ஆளுக்கு 15,000 ரூபாய். பெண்ணின் கையில் அல்ல, பயிற்சி தருகிறவருக்கு. ஏற்கெனவே வேலையில் இருப்பவரென்றால் 5,000. மாஸ்டருக்கே பாடம் எடுக்க ஆளுக்கு 2 லட்சம்! ஒரு கண்டிஷன்: பயிற்சி பெற்ற புது ஆட்களில் 75 சதவிகிதம் பேர் வேலையில் உட்கார வேண்டும்.

"இருபதுக்குப் பதினஞ்சு. கரெக்டா பதினஞ்சு தேறும் சார்" என்று மாஸ்டர் விரல் விட்டு எண்ணினார்.

ஓரத்து மெஷினில் இருந்த பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். பேரணாம்பட்டுப் பக்கம் கிராமம். ஏற்கெனவே எம்ப்ராய்டரி, கம்ப்யூட்டர் என்று இரண்டு இலவசப் பயிற்சி முடித்தவள்.

"ரெண்டு சர்ட்டிபிகேட்டையும் லேமினேட் பண்ணி வச்சிருக்கேன் சார். வேலைதான் கிடைக்கல. இங்கே கிடைக்கும்னாங்க. ஆனா மாசியில கல்யாணம். கம்பெனி பஸ் அவங்க ஊருக்கு வராதாம். ரோட்டுல நின்னு பஸ் புடிச்சு வேலைக்குப் போக வேணாம்னுட்டாங்க மாமியார்."

மாஸ்டர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"ஏம்மா, இதை இன்னிக்குத்தான் சொல்றியா? பதினாலு ஆயிடுச்சே!"

"நீங்க கேக்கவே இல்லியே சார்."

நியாயம்தான். எத்தனையாம் வகுப்பு, என்ன சாதி, ஆதார் எண் எல்லாம் கேட்ட விண்ணப்பத்தில், எந்த ஊருக்கு பஸ் வர வேண்டும் என்று ஒரு கட்டம் இல்லை.

"உனக்கு வேலைக்கு வர இஷ்டமா, இல்லியா? அதைச் சொல்லு" என்றார் மாஸ்டர், குரலை இறக்கி.

"அதுக்குத்தானே சார் தினம் ரெண்டு பஸ் மாறி வரேன்?"

மாஸ்டர் அவளுடைய மாமியார் ஊரைக் கேட்டு எழுதிக்கொண்டு வெளியே போனார். நான் விடைபெறும்போது, கம்பெனி பஸ் டிரைவரிடம் போனில் மன்றாடிக்கொண்டிருந்தார்: "மெயின் ரோட்டுலேர்ந்து ரெண்டே கிலோமீட்டர்தாம்ப்பா... அண்ணே, உங்களைத்தான் சொல்றேன்... டீசல் நான் பேசிக்கறேன்..."

உள்ளே எட்டிப் பார்த்தேன். அவள் காகிதத்தைத் திருப்பி வைத்து, வளைவுக் கோட்டை ஆரம்பித்திருந்தாள்.